வாரத்தைத் தள்ளும் கீரை

நைரோபியின் மேற்கே கவாங்வாரேயில் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் காய்கறிக் கடைகளில் கூட்டம் சேரும். கடை என்றால் நாலு கம்பு, மேலே துருப்பிடித்த தகரம், முன்னால் ஒரு பலகை. தக்காளியை நாலு நாலாகக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வெங்காயம் மூன்று மூன்றாக இருக்கும். கடைக்கார அம்மா முக்காலியில் உட்கார்ந்து, கரும்பச்சை இலைகளை ஒரு பிடி சுருட்டிப் பிடித்து, குனிந்துகூடப் பார்க்காமல் நூல் நூலாக அரிந்து தட்டில் குவித்துக்கொண்டே இருப்பார். கட்டட வேலை, வீட்டு வேலை முடிந்து நடந்தே திரும்புகிறவர்கள் அரிந்த கீரையை வாங்கிப்போய் நேரே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி, நம் களியைப் போன்றது. உகாலியும் கீரையும்தான் இரவுச் சாப்பாடு.

அந்தக் கீரைக்குப் பெயர் சுகுமா விக்கி. சுவாஹிலியில் ‘சுகுமா’ என்றால் தள்ளு, ‘விக்கி’ என்றால் வாரம். கையில் காசு தீர்ந்த பிறகு, அடுத்த கூலி வரும்வரை வாரத்தைத் தள்ளிவிட உதவும் கீரை அது. தொழில், வணிகச் செய்திகளை எழுதியே என் வேலைக்காலம் கழிந்திருக்கிறது. எத்தனையோ நாடுகளின் வளர்ச்சி விகிதங்களை அட்டவணை போட்டிருக்கிறேன். கென்யாவைப் பற்றி இந்தக் கீரையின் பெயர் சொன்ன அளவுக்கு அந்த அட்டவணைகள் எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

இப்படிக் கடை போடும் பெண்களை அங்கே ‘மாமா ம்போகா’ என்கிறார்கள். ம்போகா என்பது காய்கறி. மாமா என்றால் அம்மா. வயது வந்த எந்தப் பெண்ணையும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், முதல் முறை நம் நாக்குக்குக் கூச்சமாக இருந்தாலும். கவாங்வாரேயில் நான் பேசப் பழகிய அந்த அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, நகரின் மொத்தச் சந்தையான மரிகிட்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருகிறார். அங்கே ரொக்கம் கைமாறுவதில்லை. கைப்பேசியில் எண்ணைத் தட்டுகிறார், வியாபாரியின் கைப்பேசி ஒலிக்கிறது, மூட்டை வண்டியில் ஏறுகிறது. மூட்டைச் சாக்குக்கு அங்கே பெயர் ‘குனியா’. நம் கோணியின் உறவுக்காரச் சொல். லட்சத்துக்கு ‘லாக்கி’. பணத்துக்கு ‘பெசா’, அதாவது நம் பைசா.

இந்தச் சொற்கள் கப்பலேறிப் போனதற்கு நீண்ட வணிக வரலாறு உண்டு. 1920 வரை பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்காவில் புழங்கியதே ரூபாய்தான். 1896-ல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி ரயில் பாதை போட ஆரம்பித்தபோது இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலானோர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1899-ல் சதுப்பு நிலத்தில் ரயில்வே போட்ட கூடாரம்தான் நைரோபி நகரமானது. அதனால் கென்யாவின் பொருளாதாரத்தைப் பேசும்போது ஓர் இந்தியச் செய்தியாளன் வேடிக்கை பார்க்க வந்தவனாக நிற்க முடியாது. 2017-ல் கென்ய அரசு அங்குள்ள இந்திய வம்சாவளியினரை நாட்டின் 44-வது இனமாக அங்கீகரித்தது. கடைத்தெருவில் என்னை ‘முஹிந்தி’, அதாவது இந்தியன், என்று கூப்பிட்ட பையன்களின் குரலில் வெறுப்பு இல்லை. தெரிந்த முகத்தைக் கூப்பிடும் உரிமை இருந்தது.

நான் எழுதிய பழைய கதை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கென்யாவைப் பற்றி எழுதியதெல்லாம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை பற்றித்தான். அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் எழுதினோம். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறை கொடுத்த நிதியில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு வோடஃபோன் நிறுவனம் 2005-ல் கென்யாவில் ஒரு சோதனை முயற்சியில் இறங்கியது. நிக் ஹியூஸ், சூசி லோனி என்ற இருவர் அதை நடத்தினார்கள். நுண்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைப்பேசியிலேயே கட்டலாம் என்பதுதான் திட்டம். மக்கள் அதை வேறு மாதிரிப் பயன்படுத்தினார்கள். நகரத்தில் இருக்கிற மகன் ஊரில் இருக்கிற தாய்க்கு அனுப்பினான். கடை வைத்திருப்பவர் இரவில் பணத்தோடு நடக்கப் பயந்து கைப்பேசியில் போட்டு வைத்தார். நிறுவனம் மக்கள் காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டது. 2007 மார்ச்சில் கென்யக் கைப்பேசி நிறுவனமான சஃபாரிகாம் இந்தச் சேவையைத் தொடங்கியபோது ‘வீட்டுக்குப் பணம் அனுப்பு’ என்பதுதான் விளம்பர வாசகம்.

அந்த ஆண்டு கடைசியில் தேர்தல் கலவரம் வெடித்தது. வங்கிகள் மூடிக்கிடந்தன, சாலைகள் அடைபட்டன. கைப்பேசிப் பணம் மட்டும் ஓடியது. அதற்குப் பிறகு அதைச் சந்தேகப்பட்டவர்கள் குறைந்துபோனார்கள். 2006-ல் வங்கி, கூட்டுறவு, காப்பீடு என்று முறையான நிதிச் சேவை ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்த கென்யர்கள் 26.7 சதவீதம். 2024 கணக்கெடுப்பில் அது 84.8 சதவீதம். டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து மேலேறியதாகச் சொன்னது. அந்தக் கணக்கைப் பிறகு சிலர் மறுத்தும் எழுதினார்கள். ஆனால் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் பலன் கூடுதல் என்று அந்த ஆய்வு சொன்னதை, கடைகளில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் நான் நம்புகிறேன். தன் பெயரில் ஒரு கணக்கு, தனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண். கணவன் கையை மடியில் விட்டு எடுக்க முடியாத பணம் அது.

நம் ஊர் வாசகர்களுக்கு இதில் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். நம் டீக்கடை வாசலில் ஒட்டியிருக்கும் யுபிஐ 2016-ல்தான் வந்தது. அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். கென்யாவில் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியில், வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் பணம் அனுப்பினார்கள். தெருவுக்குத் தெரு பச்சை பெயின்ட் அடித்த பெட்டிக்கடைகளில் ஏஜென்டுகள். இன்று அவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். வங்கிக் கிளைக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போனவர்கள், இப்போது பால் வாங்கப் போகிற வழியில் பணம் எடுக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் அன்று எழுதினேன். பணம் அனுப்ப என்ன கட்டணம் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். அந்த ஒரு வரியில்தான் பின்னால் நடந்த எல்லாம் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக

கென்யர்கள் தங்கள் சந்தைக்கு வைத்திருக்கும் பெயர் ‘கடோகோ’ பொருளாதாரம். கடோகோ என்றால் சின்னஞ்சிறியது. சமையல் எண்ணெயை லிட்டரில் வாங்க முடியாதவருக்கு இருபது ஷில்லிங்குக்கு ஊற்றித் தருகிறார்கள். ஒரு ஷில்லிங் நம் காசில் 65, 70 பைசா இருக்கும். சர்க்கரை, சோப்புத் தூள், மண்ணெண்ணெய் எல்லாம் அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்ற கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது புதிதில்லை. தினக்கூலிக்காரரின் பை எந்த அளவோ, சரக்கும் அந்த அளவில் வர வேண்டும்.

கைப்பேசிப் பணம் இந்தச் சின்ன அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நிக் ஹியூஸ் பிறகு சேர்ந்து தொடங்கிய எம்-கோபா என்ற நிறுவனம் சூரிய விளக்குகளைத் தினத்தவணையில் கொடுத்தது. ‘கோபா’ என்றால் கடன் வாங்கு. ஒரு சிறு முன்பணம், பிறகு நாளுக்கு ஐம்பது ஷில்லிங் அளவில் கைப்பேசியில் கட்டிக்கொண்டே வந்தால் ஓராண்டு வாக்கில் விளக்கு சொந்தமாகிவிடும். கட்டத் தவறினால் அன்றைக்கு விளக்கு எரியாது. மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த பிள்ளைகள் வெளிச்சத்தில் படித்தார்கள். இதை நான் நல்லதென்றே இன்றும் சொல்வேன்.

ஆனால் சின்ன அளவில் வாங்குகிறவர் எப்போதும் கூடுதல் விலை கொடுக்கிறார். பணத்துக்கும் அதே விதிதான். 2023-க்குப் பிந்தைய கட்டணப் பட்டியலில், எம்-பெசா ஏஜென்டிடம் 500 ஷில்லிங் எடுத்தால் 29 ஷில்லிங் கட்டணம். 2,500 எடுத்தாலும் அதே 29. பெரிய தொகை எடுப்பவருக்கு நூற்றுக்கு ஒன்று சொச்சம். 500 மட்டும் எடுக்க முடிகிறவருக்கு நூற்றுக்கு ஆறு. கவாங்வாரே அம்மாவுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் தன் அம்மாவுக்கு எப்போது அனுப்புவது, எப்போது எடுக்கச் சொல்வது என்று நாள் பார்த்து, இரண்டு வாரப் பணத்தைச் சேர்த்தே அனுப்புவதாகச் சொன்னார். அந்த 29 ஷில்லிங்கில் அவர் ஒரு நேரக் கீரை வாங்குவார்.

அந்தக் கட்டணத்துக்குள் அரசும் இருக்கிறது. 2013-ல் பணப் பரிமாற்றக் கட்டணத்தின் மீது 10 சதவீத உற்பத்தி வரி போட்டார்கள். 2018-ல் அது 12 ஆனது, 2023-ல் 15 ஆனது. அனுப்பும் தொகைக்கு அல்ல, கட்டணத்துக்குத்தான் வரி. 29 ஷில்லிங்கில் நாலு ஷில்லிங் அளவுக்கு வரும். மீதியில் ஏஜென்டுக்கும் நிறுவனத்துக்கும் பங்கு. 2008 பங்கு வெளியீட்டுக்குப் பிறகு நெடுங்காலம் சஃபாரிகாமில் 35 சதவீதம் அரசிடமே இருந்தது. ஆக, லாபத்தில் பங்கும் அரசுக்கு வந்தது, வரியும் வந்தது.

கடனும் அதே கைப்பேசியில் வந்தது. 2012-ல் தொடங்கிய எம்-ஷ்வாரி என்ற கைப்பேசிக் கடன் சேவையில் 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம். வட்டி என்று அதைச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஏழரை வட்டி, ஆண்டுக்கு 90. முறைப்படுத்தப்பட்ட வங்கியே இந்த விலையில் கொடுத்தபோது, அதற்குப் பின்னால் வந்த கடன் செயலிகள் சும்மா இருக்குமா? கைப்பேசியில் உள்ள எண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் மாமியாருக்கும் முதலாளிக்கும் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள். ஆயிரம் ஷில்லிங்குக்கும் குறைவான பாக்கிக்குக் கடன் தகவல் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் இருந்தார்கள். 2020-ல்தான் மத்திய வங்கி அதைத் தடுத்தது. செயலிகளுக்கு விதிமுறை 2022-ல் வந்தது. தமிழ்நாட்டிலும் கடன் செயலி மிரட்டலில் உயிரை விட்டவர்களின் செய்திகளைக் கையாண்டிருக்கிறேன். ஆப்பிரிக்காவின் அதிசயம் என்று நான் கொண்டாடிய அதே குழாய் வழியாகத்தான் இதுவும் பாய்ந்தது என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. முன்பு கடை போடும் பெண்களின் பணம் மடியிலும் அரிசிப் பானையிலும் இருந்தது. யாருக்கும் தெரியாது. கணக்கில் தெரிய ஆரம்பித்ததும் எல்லோரும் கை நீட்டினார்கள்.

இரண்டாவது ரயில்

அரசுக்கு ஏன் இவ்வளவு பணம் வேண்டியிருந்தது? பழைய பாதைக்குப் பக்கத்திலேயே புதிய ரயில் ஒன்று ஓடுகிறது. மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு, 2017 மே 31-ல் தொடங்கியது. செலவில் பெரும்பகுதி சீன எக்சிம் வங்கியின் கடன். நான் அதில் போயிருக்கிறேன். சுத்தமான பெட்டி, நேரத்துக்குக் கிளம்புகிறது, ட்சாவோ காட்டில் செம்மண் பூசிய யானைகள் ஜன்னலில் தெரிகின்றன. ஆனால் 2019-ல் பாதை நைவாஷா பக்கம் ஒரு வெளியில் போய் நின்றது. உகாண்டா எல்லையைத் தொட்டால்தான் சரக்கில் முழு வருமானம் என்று போட்ட திட்டம் அது. அதற்கு மேல் கட்டக் கடன் கிடைக்கவில்லை.

2014-ல் கென்யா முதல் முறையாகச் சர்வதேசச் சந்தையில் 200 கோடி டாலர் பத்திரம் விற்றது. பத்தாண்டுத் தவணை 2024 ஜூனில் முடிய இருந்தது. அதைக் கட்ட முடியுமா என்ற பயத்தில் 2024 ஜனவரியில் ஷில்லிங் ஒரு டாலருக்கு 160 வரை சரிந்தது. பிப்ரவரியில், 10 சதவீதத்துக்கு மேல் விளைவு தரும் புதிய பத்திரத்தை விற்றுப் பழைய கடனில் பெரும்பகுதியை அடைத்தார்கள். சந்தை பெருமூச்சு விட்டது, ஷில்லிங் 130-க்குத் திரும்பியது. எங்கள் தொழிலில் இதற்கு ‘மீட்சி’ என்று தலைப்புப் போடுவோம். அரசின் வரி வருமானத்தில் பாதிக்கும் மேல் கடனுக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்த மீட்சி எல்லோருக்கும் மீட்சியாக இல்லை என்பதை முராங்கா மலைச்சரிவில் ஒரு தேயிலை விவசாயி எனக்குப் புரியவைத்தார். அரை ஏக்கர், செம்மண், வரப்பில் வாழை. கென்யத் தேயிலையில் பாதிக்கும் மேல் இவரைப் போன்ற சிறு விவசாயிகளுடையது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கேடிடிஏ என்ற அமைப்பின் கீழ் உள்ள தொழிற்சாலைகளில் பங்குதாரர்கள். இலையைப் போட்டால் மாதம் ஒரு தொகை, ஆண்டு முடிவில் லாபத்தில் பங்கு. அதை அவர்களும் ‘போனஸ்’ என்றே சொல்கிறார்கள். கோத்தகிரியில் தனியார் தொழிற்சாலைக்கு இலை போட்டுவிட்டு, என்ன விலை கொடுப்பார்களோ என்று காத்திருக்கும் விவசாயியைப் பார்த்தவன் நான். ஆலையே தங்களுடையது என்று இவர் சொன்னபோது மனதார மகிழ்ந்தேன். ஆனால் மொம்பாசா ஏலத்தில் தேயிலை டாலரில் விற்கிறது. ஷில்லிங் வலுத்தால் அதே டாலருக்குக் குறைந்த ஷில்லிங். 2025-ல் போனஸ் சரிந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். எந்த ஷில்லிங் உயர்வை நான் நல்ல செய்தியாக எழுதினேனோ, அதுவும் அவர் வீட்டுக் கணக்கில் ஒரு துண்டாக விழுந்திருந்தது.

சகேயுவே, இறங்கு

2024 நிதி மசோதாவில் ரொட்டிக்கு 16 சதவீத மதிப்புக்கூட்டு வரி இருந்தது. சமையல் எண்ணெய்க்கு 25 சதவீத உற்பத்தி வரி. வாகன மதிப்பில் ஆண்டுக்கு 2.5 சதவீதம். கைப்பேசிப் பணக் கட்டணத்தின் வரியை 15-லிருந்து 20 ஆக்கவும் முன்மொழிந்தார்கள். மொத்தம் 34,600 கோடி ஷில்லிங் திரட்டுவது குறி. கடோகோ பொருளாதாரத்தின் ஒவ்வொரு பொட்டலத்தையும் தொடும் பட்டியல் அது.

அதிபர் வில்லியம் ரூட்டோ 2022-ல் ஜெயித்ததே மாமா ம்போகாக்களின் பெயரைச் சொல்லித்தான். கீழே இருப்பவர்களிடமிருந்து பொருளாதாரத்தைக் கட்டுவேன் என்றார். தள்ளுவண்டி அவர் கட்சியின் சின்னம். அவருக்கு மக்கள் வைத்த பெயர் ‘சகாயோ’. பைபிளில் மரத்தின் மேல் ஏறி நின்ற வரி வசூலிப்பவர், நம் தமிழ் வேதாகமத்தின் சகேயு. ‘சகாயோ ஷுகா’, சகேயுவே இறங்கு, என்பது தெருவின் கோஷமானது. கட்சி இல்லை, தலைவர் இல்லை. இருபது வயதுப் பிள்ளைகள் மசோதாவின் பிரிவுகளை உள்ளூர் மொழிகளில் பெயர்த்துக் கைப்பேசியில் பரப்பினார்கள். ரொட்டி வரியையும் பணப் பரிமாற்ற வரி உயர்வையும் கைவிடுவதாக ஜூன் 18-ல் அறிவித்தார்கள். ஆனாலும் மீதி மசோதா ஜூன் 25 அன்று நிறைவேறியது. இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். போலீஸ் சுட்டது. மறுநாள் அதிபர் கையெழுத்திட மறுத்து மசோதாவைக் கைவிட்டார். ஜூலை 1 வரை 39 பேர் இறந்ததாக கென்ய தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. பிறகு அந்த எண்ணிக்கை 60-ஐத் தாண்டியது.

வரி கட்ட மறுக்கும் சோம்பேறிகள் என்று அவர்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு. கென்யாவில் வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே பெயர் ‘ஜுவா காலி’, சுடு வெயில். கூரையில்லாமல் வெயிலில் உட்கார்ந்து இரும்படிக்கிறவர், துணி தைக்கிறவர், கீரை அரிகிறவர். எண்ணெயிலும் பெட்ரோலிலும் கைப்பேசிக் கட்டணத்திலும் அவர்கள் தினமும் வரி கட்டுகிறார்கள். ரயில் பாதி வழியில் நின்றது. துர்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகள் 2017-லேயே தயாராகி, மின்கம்பி வராததால் 2018 செப்டம்பர் வரை மின்சாரம் வெளியே போகாமல் கிடந்தன. அதற்கான அபராதமும் மக்கள் பணம். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் கேட்டது கணக்கு.

கென்யாவை நான் நேசிப்பதற்குக் காரணங்கள் குறைவில்லை. மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் புவிவெப்பம், நீர், காற்று, வெயிலிலிருந்து எடுக்கிற நாடு அது. 2019-ல் பழைய ஆயிரம் ஷில்லிங் நோட்டைத் திரும்பப் பெற்றபோது மக்களுக்கு நாலு மாத அவகாசம் கொடுத்தது; ஒரே இரவில் நோட்டு செல்லாமல் போய் வரிசையில் நின்ற நமக்கு அதன் அருமை தெரியும். கவாங்வாரேயில் பதினைந்து பெண்கள் சேர்ந்து ‘சாமா’ என்ற சீட்டு நடத்துகிறார்கள். வாரம் ஆளுக்கு இருநூறு ஷில்லிங். யாரும் ஏமாற்றிக் கேள்விப்பட்டதில்லை என்றார் அந்த அம்மா. இப்படிப்பட்ட நாணயத்தின் மேல்தான் அந்த நாட்டின் நிதித்துறையே நிற்கிறது. அதற்கு அரசும் நிறுவனமும் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்று உண்டு: ஆயிரம் ஷில்லிங்குக்குக் கீழே புரளும் பணத்தின் மேல் கட்டணமும் வேண்டாம், வரியும் வேண்டாம்.

நடக்காத காரியம் இல்லை. கொரோனா வந்த 2020 மார்ச்சில், ஆயிரம் ஷில்லிங் வரை எம்-பெசாவில் அனுப்பக் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். அந்த ஆண்டு முடியும்வரை அது நீடித்தது. அந்த நிதியாண்டில் எம்-பெசாவின் வருமானம் சுமார் 2 சதவீதம்தான் குறைந்தது. 2021 ஜனவரியில் கட்டணம் திரும்ப வந்தது. இன்று இலவசமாக அனுப்பக்கூடியது 100 ஷில்லிங் வரைதான்.